உன் லீவுக்கு ஏற்ற காது

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதுவது. அம்மாவுக்கு உடம்பு பரவாயில்லை, முழங்கால் வலி மட்டும் விடவில்லை. போனில் நீ சொல்வதில் பாதி எனக்குக் கேட்காது. நான் சொல்வதை நீ கேட்கவே மாட்டாய். அதனால்தான் கடிதம்.

உன் மகளுக்கும் எனக்கு வந்த அதே காது நோய், எலும்பை அரிக்கிறது, அடுத்த மாதம் ஆபரேஷன் என்று உன் கடிதத்தில் படித்ததும் அவளை உடனே பார்க்க வேண்டும் போலிருந்தது. அடுத்த வரியைப் படித்ததும் ஆத்திரம்தான் வந்தது. "உனக்குப் பண்ணின மாதிரியே பண்ணச் சொல்லிட்டேன், நீ நல்லாத்தானே இருக்கே" என்று எழுதியிருக்கிறாய். நான் நன்றாக இருக்கிறேன் என்று உனக்கு யார் சொன்னது?

காதில் சீழ் இல்லை, அது உண்மை. டாக்டர் ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்த்து, காது காய்ந்து சுத்தமாக இருக்கிறது என்று சந்தோஷப்படுகிறார். ஆனால் அந்த ஆபரேஷனில் காதுத் துவாரத்தின் பின்பக்க எலும்புச் சுவரை எடுத்துவிட்டு உள்ளே குழியாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். தண்ணீர் போனால் மறுபடி சீழ் பிடிக்கும். பஸ்ஸில் ஏசி காற்று அந்தப் பக்கம் அடித்தாலே தலை சுற்றும். சில மாதத்துக்கு ஒருமுறை குழாய் விட்டு அழுக்கை உறிஞ்சி எடுக்கிறார்கள். நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தலைக்குக் குளிக்க வாஸ்லின் தடவிய பஞ்சை அடைத்துக்கொண்டு, கழுத்தைச் சாய்த்து நிற்கிறேன். நீச்சல் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவளின் நிலைமை இது.

நீச்சல்குளத்தின் கரையில் நின்றபடியே சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். பிள்ளைகள் 'கரை டீச்சர்' என்று பெயர் வைத்தார்கள், நானும் சிரித்துக்கொண்டேன். போன மாதம் ஒரு சிறுமி ஆழமான பக்கம் போய் மூழ்கினாள். யோசிக்காமல் குதித்துவிட்டேன். குளிர்ந்த தண்ணீர் காதுக்குள் போனதும் மேல் எது, கீழ் எது என்றே தெரியவில்லை. அவளைத் தூக்கிய காவலாள் என்னையும் தூக்க வேண்டியதாயிற்று. மறுநாளிலிருந்து டிக்கெட் கவுண்டரில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள்.

எல்லாம் என் தலையெழுத்து என்றுதான் இருந்தேன். போன வாரம் காது சுத்தம் செய்யப் போன இடத்தில் ஒரு தையற்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் இதே நோய்தான். சுவரை எடுக்காமல் செய்தார்களாம். ஒரு வருஷம் கழித்து மறுபடி திறந்து, மிச்சம் இருந்ததையும் எடுத்தார்களாம். இப்போது தலைக்குத் தாராளமாகத் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறாராம். டாக்டரைப் பிடித்துக் கேட்டேன். அவர் திகைத்துப்போய், "ரெண்டு வழியும் அன்னைக்கே சொன்னேனேம்மா. ரெண்டாவது தடவைன்னா லீவு கிடைக்காதுன்னு உங்க அண்ணன்தான் சொன்னார்" என்றார்.

உன் லீவு, அண்ணா! அன்றைக்கு அவர் மாஸ்க் போட்டுக்கொண்டு பேசியதில் ஒரு வார்த்தையும் எனக்கு எட்டவில்லை. என்ன சொல்கிறார் என்று உன் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டேன். "ஒண்ணுமில்ல, நான் பாத்துக்கறேன்" என்றாய். நீ விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். காது கேட்காதவளுக்கு வாய் உண்டு என்பது உனக்குத் தோன்றவே இல்லையா?

சுவரை விட்டுவைத்தால் பலருக்கு நோய் திரும்ப வருமாம். அதையும் டாக்டர் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நானே இந்த ஆபரேஷன்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கவும் கூடும். அப்படியானால் தலை சுற்றும்போதெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டிருக்க மாட்டேன்.

உன் மகளுக்குப் பதினான்கு வயது. அவளுக்கு நீச்சல் பழக்கியதும் தவளைக்குட்டி என்று பெயர் வைத்ததும் நான்தான். டாக்டரிடம் மாஸ்க்கைக் கழற்றச் சொல்லி, கேட்கிற காதின் பக்கமாக உட்காரவைத்து, இரண்டு வழியையும் அவளிடமே விளக்கச் சொல். பிறகு நீ வாயை மூடிக்கொண்டு அவள் சொல்வதைக் கேள். லீவு கிடைக்காவிட்டால் சொல். கவுண்டரை யாரிடமாவது விட்டுவிட்டு நான் வந்து அவளோடு இருக்கிறேன், எத்தனை தடவை ஆனாலும்.

குழந்தைக்கு எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும். எந்த ஆபரேஷன் என்பதை அவளே எனக்கு எழுதட்டும். உன் கையெழுத்தில் வந்தால் பிரிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
இன்னமும் உன் தங்கைதான்