சட்டைப்பையில் இருந்த சீனி

என் அன்பு மச்சான்,

வெள்ளிக்கிழமைகளில் உங்கள் கபுறடியில் நின்று சொல்லும் சலாத்தையே இங்கும் முதலில் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் போய் முப்பத்தாறு நாள். நாற்பதாம் நாள் கத்தத்துக்கு ஒரு சின்ன நினைவு மலர் அச்சடிக்க வேண்டும் என்று ராத்தா சொல்லிவிட்டா. அதில் உங்களைப் பற்றி எழுத வேண்டியவன் நானாம். தன் தம்பியின் மேல் அவவுக்கு அவ்வளவு நம்பிக்கை.

என்ன எழுத வேண்டும் என்றும் அவவே சொல்லித் தந்தா. உங்களுக்காக நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கும் அறையில், உங்கள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னா.

"நல்ல மனுசன் எண்டு எழுது. அவர்ர தறியில நெய்த சாரன் கிழிஞ்சதா ஒருத்தரும் செல்லல்ல எண்டு எழுது. ஆனா மருந்து விசயத்துல ஆர்ர பேச்சும் கேக்காத பிடிவாதக்காரர் எண்டும் எழுது, தம்பி. அந்தக் கண்டிப் பயணத்துல நீ சொன்னதக் கேட்டிருந்தா இண்டைக்கு உசிரோட இருந்திருப்பார்."

நான் தலையாட்டினேன், மச்சான். இந்த வயதிலும், நீங்கள் மண்ணுக்குள் போன பிறகும், கூசாமல் தலையாட்டினேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். எழுபத்தெட்டில் சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருஷத்து நோன்பு அது. பெருநாளைக்கு முன் சாரன் கட்டுகளைக் கண்டிக் கடைகளுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. உங்களுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நோயாளி, அத்தோடு பயணி. நோன்பை விடுவதற்கு மார்க்கத்திலேயே இரட்டைச் சலுகை. பள்ளிவாசல் மௌலவியும் பிடிக்க வேண்டாம் என்றார். நீங்கள் ஒரு மறுபேச்சும் பேசாமல் கேட்டுக்கொண்டீர்கள். இதில் பிடிவாதம் எங்கே இருந்தது?

ராத்தா மூன்று நாளைக்குரிய மருந்துக் குளிசைகளை ஒரு பவுடர் டப்பாவில் போட்டு உங்களிடம் தந்தா. ரொட்டியும் சம்பலும் வாழையிலையில் கட்டித் தந்தா. என்னைக் கூப்பிட்டு, ஒரு கைப்பிடிச் சீனியைத் தாளில் சரை சுற்றி என் சட்டைப்பையில் வைத்தா.

"குளிசயப் போட்டா உடனே சாப்பிட வெச்சிரு. வேர்த்து, கை நடுங்கிக் கதை தடுமாறினா இதுல கொஞ்சம் வாயில போடு. டாக்குத்தர் செல்லித் தந்தது இது. உன்ன நம்பித்தான் அனுப்புறன்."

"ஓம் ராத்தா" என்றேன். 'ஓம்' சொல்வதில் எனக்கு என்றைக்கும் குறைவில்லை.

பஸ் ஊர் எல்லையைத் தாண்டும்போது நீங்கள் குளிசையை விழுங்கி, வாழையிலைக் கட்டை மடியில் வைத்து அவிழ்த்தீர்கள். அப்போதுதான் பார்த்தேன், இரண்டு சீட்டுக்கு முன்னால் ஹாஜியார். அவருடைய மகளை எனக்குப் பேசிக்கொண்டிருந்த காலம். கலியாணம் சரிவந்தால் நான் போய் வாழப்போவது அவருடைய வீட்டில். அந்த மனிதர் திரும்பிப் பார்த்தால், பட்டப்பகலில், நோன்பு மாதத்தில், என் பக்கத்தில் ஒருவர் ரொட்டி தின்றுகொண்டிருப்பார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"மச்சான், அம்பாறை தாண்டட்டும்" என்று உங்கள் கையின் மேல் கையை வைத்தேன்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். முன்னால் இருந்த தொப்பியையும் பார்த்தீர்கள். இலையை மடித்து வைத்துவிட்டீர்கள்.

அம்பாறை தாண்டியது. மகாஓயாவில் தேத்தண்ணிக்கு பஸ்ஸை நிறுத்தினார்கள். "இறங்கி அந்தக் கடைக்குப் பின்னால நிண்டு திண்டுட்டு வரட்டா தம்பி?" என்று கேட்டீர்கள். உங்களைவிடப் பதினைந்து வயது இளையவனிடம் உத்தரவு கேட்டீர்கள். ஹாஜியார் சன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம் பொறுங்க மச்சான்" என்றேன்.

பஸ் வெளிக்கிட்டுக் கொஞ்சத் தூரத்தில் உங்கள் கழுத்து வேர்த்தது. விரல்கள் நடுங்கின. தறியைப் பற்றி என்னவோ தொடர்பில்லாமல் சொன்னீர்கள். ராத்தா சொல்லித்தந்த அத்தனை அடையாளமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. நான் சட்டைப்பைக்குள் கையை விட்டுச் சீனிச் சரையைப் பிடித்தேன். பிடித்தபடியே இருந்தேன், மச்சான். வெளியே எடுக்கவில்லை.

நீங்கள் என் தோளில் சரிந்தபோது திரும்பிப் பார்த்தவர் ஹாஜியார்தான். ஓடி வந்து உங்கள் முகத்தை நிமிர்த்தினார்.

"சீனி வருத்தமா இவருக்கு? ஆர்ட்டயாவது இனிப்பு இரிக்கா?" என்று சத்தம் போட்டார். நான் பைக்குள் சரையை இன்னும் இறுக்கிப் பொத்தினேன். நோன்பு திறக்க வைத்திருந்த தன் பேரீச்சம்பழத்தை அவர் பிய்த்துப் பிசைந்து, விரலால் உங்கள் நாக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினார். என் பைக்குள் சரை வேர்வையில் நனைந்து கிழிந்துபோயிருந்தது.

உங்களுக்கு நினைவு தெளிந்ததும் ஹாஜியார் ஏசினார். "வருத்தக்காரனுக்கு அல்லாஹ்வே சலுகை தந்திரிக்கான். என்னத்துக்குப் பட்டினி கிடந்தீங்க?"

நீங்கள் என்னை ஒருதரம் பார்த்தீர்கள். "என்ட பிடிவாதம்தான் ஹாஜியார். தம்பி சாப்பிடச் சொல்லி ஆயிரம் தரம் கெஞ்சினான். நான்தான் கேக்கல்ல."

ஏன் அப்படிச் சொன்னீர்கள்? என் கலியாணத்துக்காகவா? ராத்தாவின் தம்பி என்பதற்காகவா? ஒருநாளும் நான் கேட்கவில்லை. ஹாஜியார் என்னைப் பொறுப்பான பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லி மகளைத் தந்தார். அந்தப் பெயரோடுதான் அவருடைய வீட்டில் இன்றுவரை சோறு தின்கிறேன். நீங்களோ ஒவ்வொரு நோன்புக்கும் ராத்தாவிடம் ஏச்சு வாங்கினீர்கள். கால் விரலை எடுத்தபோதும், கண் மங்கியபோதும், "அண்டைக்குத் தம்பிர பேச்சக் கேட்டீங்களா?" என்றுதான் அவ அழுதா. நீங்கள் சிரித்துவிட்டுச் சும்மா இருந்தீர்கள். பக்கத்தில் இருந்த நானும் சும்மா இருந்தேன்.

கடைசி மாதத்தில் ஒருநாள் துணிந்து, "மச்சான், அந்த பஸ்ஸுல..." என்று தொடங்கினேன். "தேத்தண்ணி ஆறுது, குடி" என்றீர்கள். நல்லதாகப் போயிற்று என்று நானும் குடித்தேன். எவ்வளவு கேவலம்!

அந்தப் பவுடர் டப்பா இன்னும் உங்கள் கட்டில் தலைமாட்டில் இருக்கிறது. மீதிக் குளிசைகளை எறிய ராத்தாவுக்கு மனம் வரவில்லை.

கத்தத்தன்று இதை நானே வாசிப்பேன். முன்வரிசையில் ஹாஜியார் இருப்பார். சீலை மறைப்புக்குப் பின்னால் ராத்தா இருப்பா, தம்பி என்ன எழுதியிருக்கிறான் என்று காதைக் கொடுத்துக்கொண்டு. சீனி வரும் இடத்தில் குரலைத் தாழ்த்த மாட்டேன். ஒரு வரியும் தாண்ட மாட்டேன். அதற்குப் பிறகு ராத்தா என்னோடு கதைக்காமல் விட்டாலும் விடட்டும். மருந்துக்கும் சொல்லுக்கும் கட்டுப்பட்டு நடந்த மனிதர் நீங்கள் என்று அவவுக்குத் தெரிந்தால் போதும். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

நீங்கள் காட்டிக்கொடுக்காத
உங்கள் மச்சான்,
கபூர்