சிக்னலில் ஒளித்த வெங்காய விலை

4 மார்ச் 2024, திங்கள்
சாலாக் செலாத்தானில் எங்கள் அமெச்சூர் ரேடியோ கிளப்பின் கூரையிலிருந்து கிரிகரி அங்கிள் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். பிரிக்பீல்ட்ஸிலிருந்து நான் பேசும் சிக்னல் கிளப் ஏரியல் வழியாகக் கிள்ளானுக்குச் சரியாகப் போகவில்லை என்று ஏரியலைத் திருப்ப ஏறினாராம்.

அது நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

5 மார்ச்
எழுதிவிடுகிறேன். கிள்ளான் கிட்டங்கியில் என் மச்சினன் சுகுமாறன் போனை எடுத்தால் மற்ற வெங்காய வியாபாரிகள் காதைத் தீட்டிக்கொள்வார்கள். கையில் ரேடியோ என்றால், "கிறுக்கன் லா" என்று விட்டுவிடுவார்கள். அதனால் சிக்னலுக்குப் போடும் மதிப்பெண்ணையே விலையாக்கினோம். "அத்தான், இன்னிக்கு நீங்க நாலு மூணு" என்பான். கேட்பவர்களுக்கு, என் குரல் மங்கல் என்று அர்த்தம். கடையில் வெங்காயம் விற்கும் எனக்கு, அன்றைய விலை கிலோ நாலு வெள்ளி முப்பது காசு. வியாபாரமே பேசக்கூடாத அலைவரிசை. எட்டு மாதம்! கெட்டிக்காரத்தனம் என்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

7 மார்ச்
மருத்துவமனைக்குப் போனேன். கிரிகரி அங்கிளின் மனைவி மகதலேனா ஆன்டி சொன்னார்: "பிரிக்பீல்ட்ஸ் தம்பி பாவம், குரலே போய்ச் சேரலன்னு இவருக்கு ஒரே புலம்பல்யா. உங்களுக்காகத்தான் ஏறுனாரு."

ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டு ஓடிவந்தேன். ச்சீ.

8 மார்ச்
ஞாயிறன்று கிளப்பில் ஓட்டெடுப்பு. மற்றவர் கேட்க முடியாதபடி ரேடியோவில் பூட்டிப் பேச அரசிடம் அனுமதி கேட்பதா, வேண்டாமா? தீர்மானம் கொண்டுவந்தவன் நான். "வெள்ளம் வந்தா நாம ரேடியோவுல சொல்ற நோயாளி விவரத்தை ஊரே கேக்கணுமா?" என்று போன மாதம் முழங்கினேன். நியாயமான கேள்விதான், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் கேட்ட வாய் எந்த வாய்?

அன்று கிரிகரி அங்கிள் எழுந்து, "பூட்டு போட்டுட்டா உள்ள நோயாளி இருக்கானா, வியாபாரி இருக்கானா, எவன் பாக்கறது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

9 மார்ச்
கிரிகரி அங்கிளிடம் போய்ச் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"எனக்கு உன் குரல் பளிச்சுனு கேக்குது தம்பி. கிள்ளான்ல இருக்கறவன் நாலு மூணுங்கறான். காது போச்சுன்னு நெனச்சேன்யா. டாக்டர்கிட்ட போய்க் காட்டுனேன். காது சரியா இருக்குன்னாரு, அப்புறம்தான் கூரை ஏறுனேன்."

கால் ஆறிவிடும். அந்த மனிதரைத் தன் காதையே சந்தேகப்பட வைத்திருக்கிறேன் — இதற்கு எங்கே போய்க் கட்டுப்போடுவது?

10 மார்ச், ஞாயிறு
தீர்மானத்தை எனக்குப் பதிலாகக் கிளப் நண்பர் பிரையன் வாசித்தார். இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் தோற்றது. கூட்டத்துக்கு முன், காலை ஒன்பது மணிக்கு, எல்லோரும் கேட்கும் அலைவரிசையில், என் பெயர் சொல்லி, செய்ததை எல்லாம் நானே சொன்னேன்.

கிரிகரி அங்கிளோடு பேசி முடித்தது இதுதான்: அவர் அரசிடம் புகார் கொடுக்கமாட்டார். மருத்துவச் செலவுக்கு என் காசு வேண்டாம். ஒரு வருடம் நான் ரேடியோவைக் கேட்கலாம், பேசக்கூடாது.