காவடி உங்கள் தோளில்

இஞ்சேருங்கோ துஷ்யந்தன்,

உங்கள் மனைவி நிரோஜினி உங்களோடு கோபம். அதனால் இதை வேறு யாரோ எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

சோறு குக்கரில். நண்டுக்கறி அடுப்பில். இன்று வெள்ளிக்கிழமை என்பது அவளுக்கும் தெரியும்.

கருப்பைவாய்ப் பரிசோதனையில் ஏதோ பிசகு என்று கடிதம் வந்தது அவளுக்கு. கோயிலுக்கு ஓடியது நீங்கள். ஓடுங்கள், பிழையில்லை. ஆனால், “இவவுக்குச் சுகமெண்டால் தேருக்கு இவ கற்பூரச்சட்டி எடுப்பா” என்று நேர்த்தி வைத்தீர்களே! பயந்தது உங்கள் நெஞ்சு, வேகப்போவது அவள் கையா? ஐயரிடம் நோயையும் விளக்கியிருக்கிறீர்கள். இப்போது லாச்சப்பல் தமிழ்க்கடையில் வெண்டிக்காய் நிறுக்கிறவர்கூட அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

இது புற்றுநோய் என்று அர்த்தமில்லை, கருவியால் பெரிதாக்கிப் பார்க்கத்தான் கூப்பிடுகிறோம் என்று டொக்டர் இரண்டு தரம் சொன்னார். அவளும் இரண்டு தரம் நம்பினாள். மிச்ச நேரமெல்லாம் பாத்திரம் தேய்த்தாள். சட்டிகள் பளபளப்பது அதனால்தான்.

சார்செலிலிருந்து உங்கள் அக்கா வந்தால் தேத்தண்ணி கொடுங்கள். அழ விடாதீர்கள்.

பி.கு.: நேர்த்தி வைத்தவரே எடுக்கட்டும். தேருக்குக் காவடி உங்களுக்கு.

இன்னொன்று. “ஆஸ்பத்திரிக்கு நான் தனியப் போவன்” என்று நேற்றுக் கத்தினது நான்தான். கடிதத்தின்ரை பின்பக்கத்திலை, துணைக்கு ஒரு ஆள் வரலாம் எண்டு போட்டிருக்கு. இண்டைக்குக் காலமைதான் பாத்தன். பின்னேரம் மூண்டு மணிக்குத்தான் கூப்பிட்டிருக்கினம், ஆஸ்பத்திரி வாசலிலை நிப்பன். தேரண்டைக்கு உங்கடை முதுகிலை செடில் முள்ளுக் குத்தேக்கை நான் கையைப் பிடிக்கிறன். இண்டைக்கு உங்கடை முறை.