இரண்டாவது ஃபாரம்

ஜூன் 16, திங்கள்

காலையிலேயே கொளுத்தும் வெயில். கம்பெனி பஸ் சத்தியவேட்டுக்கு இருபது நிமிடம் லேட்.

மாத முடிவில் காண்ட்ராக்டர் மாறுகிறார். எங்களுக்கு இது மூன்றாவது மாற்றம். அதே ஸ்ரீ சிட்டி கம்பெனி, அதே மெஷின், அதே நாற்காலி. காண்ட்ராக்டர் ஆபீஸ் பிரசாத் ஆளுக்கு இரண்டு ஃபாரம் கொடுத்தான். ஒன்று பி.எஃப். பணம் எடுக்க, இன்னொன்று பென்ஷன் பணம் எடுக்க. எல்லோருக்கும் அது போனஸ் மாதிரி. வழக்கம்போல பஸ்ஸில் பத்துப் பேரும் என்னிடம் நீட்டினார்கள். என் கையெழுத்துக்கு அவ்வளவு மவுசு!

குப்பம்மா அக்கா: "எனக்கு மொதல்ல எய்து மல்லிகா. போர் மோட்டாரு எரிஞ்சி கெடக்குது."

வாங்க: நீலப் பேனா, து.பருப்பு, அவருக்கு பி.பி. மாத்திரை.

ஜூன் 18, புதன்

லீவு. திருப்பதி பி.எஃப். ஆபீஸ். போன மாற்றத்தில் எடுக்காமல் விட்ட பணத்தை எடுக்கத்தான் போனேன். அப்போது மற்றவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு, என்னுடையதை நாளைக்கு என்று வைத்தேன். அன்று மாலையே பஸ் படியில் வழுக்கி வலது கை முறிவு. புத்தூரில் மூன்று கட்டு. பேனா பிடிக்க முடியவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

கவுன்டரில் இருந்த பெரியவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "தீயொத்தம்மா, எடுக்காதீங்க" என்றார். "பழசு அஞ்சு வருஷம், இப்ப அஞ்சு. சேத்தா பத்து. பத்து இருந்தா, அம்பத்தெட்டு வயசுல மாசாமாசம் பென்ஷன் உங்க உரிமை. கம்பெனி போட்ற பங்குலேர்ந்து வர்றது. எடுத்தா அந்த சர்வீஸ் அழிஞ்சிடும்."

"முன்னாடியே எடுத்தவங்க?"

"எடுத்தது எடுத்ததுதான். திருப்பிக் கட்ட வழி இல்லம்மா."

தலைகால் புரியாத சந்தோஷம். பஸ் ஸ்டாண்டு எதிரே தனியாக உட்கார்ந்து மசால் தோசை. பாதியில்தான் அக்கா நினைவு வந்தது. அவளுக்கு ஐம்பத்தாறு. இரண்டு தடவையும் எடுத்துவிட்டாள். கையில் இருப்பது இந்த ஐந்து வருடம் மட்டும். ஐம்பத்தெட்டில் ஏழுதான் ஆகும். இரண்டு தடவையும் எழுதியது நான்.

மீதித் தோசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

ஜூன் 19, வியாழன்

சொல்லவில்லை. "திருப்பதி போய்க்கினு வந்து ஒரு லட்டு கூட எடுத்தாரலியா?" என்று அக்கா கிண்டல். தன் புளிச்சோற்றில் பாதியை என் டப்பாவில் வைத்தாள். துன்னு துன்னு என்று உபசாரம் வேறு. சாப்பிட்டேன். ஃபாரம் என்ன ஆச்சு என்றதற்குக் கைவலி என்று பொய்.

ஜூன் 20, வெள்ளி

பிரசாத்திடம் பென்ஷன் ஃபாரம் தர மாட்டோம் என்றேன். "அட்லா காதம்மா, அப்படியில்ல, ரெண்டும் குடுத்தாத்தான் புது கார்டு." அதை ஒரு பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு என்றேன். வெளியே போய் யாருக்கோ போன் பண்ணினான். வந்து, "சரி, ஒண்ணே போதும்."

இவ்வளவுதானா! ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருந்தால். படித்தவள் என்று பெயர் மட்டும்.

வீட்டில் காஸ் தீர்ந்துவிட்டது.

ஜூன் 21, சனி

பஸ்ஸில் எல்லோரிடமும் சொன்னேன். தப்பு என்னுடையது என்பதையும் சொன்னேன். வயதில் சின்னவர்கள் இரண்டாவது ஃபாரத்தை அங்கேயே கிழித்தார்கள். அவர்களுக்கு இன்னும் வருடம் இருக்கிறது. அக்கா விரல் விட்டு எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள்.

"எங்களுக்கு எய்தறதுக்கு முன்னாடி அந்தக் கை ஒடஞ்சிருக்கக் கூடாதா?"

சிரிப்பாள் என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. எழுந்து பின் சீட்டுக்குப் போய்விட்டாள். அவமானமாக இருந்தது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஜூன் 23, திங்கள்

தூறல். ஒன்பது பேருக்கு ஒற்றை ஃபாரம், எழுதி முடித்தாயிற்று.

அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு ஃபாரத்தையும் என் மடியில் வைத்தாள்.

"எனக்கு ரெண்டும் எய்து."

"அக்கா, ஆபீசுல இன்னொரு தரம் கேட்டுப் பாக்கலாமே."

"ஏழு பத்தா ஆவாது. மோட்டாராவது ஓடட்டும். எய்து."

எழுதினேன். பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி. அப்புறம் அந்தக் கட்டம்: வேலையை விட்டு விலகியதற்குக் காரணம். யார் விலகினார்கள்? அதே பஸ்ஸில் வேலைக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறோம்.

"இன்னா நின்னுட்ட?" என்றாள்.

சொந்தக் காரணம் என்று எழுதினேன்.