முயல் இருந்த ஜாடி

கெர்ன்சி
2005 பிப்ரவரி 20, ஞாயிறு

அன்புள்ள ஜோஸலின்,

உன் அப்பாவின் இருமலைத் தவிர இங்கே எல்லோரும் நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நேற்று உன் தாத்தாவை ஜெர்மன்காரர் நம் தீவைப் பிடித்து வைத்திருந்த போர்க்காலத்து மியூசியத்துக்கு அழைத்துப் போனேன், ஏன் போனோம் என்றிருக்கிறது. கண்ணாடிப் பெட்டியில் பீன்ஸ் வேகவைக்கும் ஒரு மண் ஜாடி, 'கெரிபெல் குடும்பத்துடையது' என்று அட்டை. சாய்த்து வைத்திருந்ததால் அடியில் தூண்டில் முள் போல ஒரு கீறல் தெரிந்தது. "இது எங்க ஜாடிம்மா, எங்கப்பா ஆணியால கீறினது" என்றார் தாத்தா. எனக்கு எப்படி இருந்திருக்கும்! நாற்பத்துநாலு குளிர்காலத்தில், அடுப்பெரிக்க வழியில்லாமல் ஊரே சனிக்கிழமை ஜாடியை பேக்கரி அடுப்பில் வேக விட்டு ஞாயிறு காலை எடுத்தபோது, தாத்தாவின் அம்மா முயல் கறி இருந்த தங்கள் ஜாடியைத் திருடிவிட்டாள் என்று கெரிபெல்கள் அறுபது வருஷமாகச் சொல்கிறார்கள், பேக்கரிக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று ஓஜியே வீட்டாரான நாமும் விடாமல் சொல்கிறோம். எங்க ஜாடியை வெச்சுக்கிட்டு எங்களையா திருடின்னாங்க என்று நான் கத்த, மியூசியம் பார்த்துக்கொள்ளும் மிஸஸ் மாஹி, "மெதுவா மார்லின், ஜாடி விரிசல் விட்டுடப் போகுது, புது அட்டை நீயே எழுதிக் குடு, வெள்ளிக்கிழமை மாத்திடறேன்" என்றாள்.

காரில் ஏறியதும் தாத்தா சொல்கிறார், "அம்மாவோட நானும் போயிருந்தேன். மூடியைத் திறந்து பாத்தா, முயல் வாசனை. நம்ம ஜாடி பக்கத்துலயேதான் இருந்துச்சு. முயல் ஜாடியை எடுத்துக்கிட்டு, பேசாம நடடான்னா." இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்றால், நீ கேக்கலையேம்மா என்கிறார்! பசியோடிருந்த அந்தத் தாயை நான் குறை சொல்ல மாட்டேன், எலும்பைக்கூட விடாமல் தின்ற ஏழு வயதுப் பையனையும்தான். இந்த அறுபத்தேழு வயது மனிதர் மீதுதான் ஆத்திரம், நான் ஊரெல்லாம் சண்டை போட்டதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாரே.

அட்டையை எழுதிவிட்டேன். 'ஓஜியே வீட்டு ஜாடி. இதில் பீன்ஸ் மட்டும் இருந்தது. கெரிபெல் வீட்டு ஜாடியில் முயல் இருந்தது, அதைத் தெரிந்தே எடுத்துச் சாப்பிட்டோம்.' தாத்தா படித்துவிட்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெள்ளிக்கிழமை கொடுக்கத்தான் போகிறேன்.

உனக்கு ஒன்பது வயதில், நாடீன் கெரிபெல் பிறந்தநாளுக்குப் புதுக் கவுன் போட்டுக் கிளம்பிய உன்னை, நம்மைத் திருடர் என்ற வீட்டுப் படியில் கால் வைக்காதே என்று வாசலில் இருந்து இழுத்து வந்தேன். நீ அழக்கூட இல்லை, கவுனைக் கழற்றி மடித்து வைத்தாய். என்னை மன்னித்துவிடு.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். நாடீனின் விலாசம் இருந்தால் மறக்காமல் அனுப்பு, அவளுக்கும் நான் எழுத வேண்டும்.

உன் அம்மா,
மார்லின்