ஆறாம் பிரியட்

இன்று ஸ்டாஃப் ரூம் ஃபிரிட்ஜைத் துடைக்கும்போது, ஐஸ் தட்டுக்கு அடியில் உங்கள் கழுத்துத் துண்டு அகப்பட்டது டீச்சர். ஈரத்தோடு மடித்து வைத்தது, பலகைபோல உறைந்து கிடந்தது. நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. யாரும் எடுக்காமலே விட்டிருக்கிறோம்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற பெயரை நீங்கள் சொல்லித்தான் முதலில் கேட்டேன். சேலத்து வெயில் தாங்காமல் மாறுதல் வாங்கிக்கொண்டு நீங்கள் ஏற்காட்டுக்கு வந்த புதிது. "நரம்பு மேல இருக்கற உறை அங்கங்க கெட்டுப்போச்சுங்க சார். ஒடம்பு சூடேறுனா மூளை சொல்றது காலுக்குப் போய்ச் சேராதுங்க. கண்ணும் மங்கிப்போகும். ஆறுனாப் பழையபடி ஆயிரும்" என்றீர்கள்.

நான் நம்பவில்லை. காலையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து மேடேறி நடந்து வருகிறவருக்கு மத்தியானம் மட்டும் எப்படிக் கால் வராமல் போகும்? "ஏனுங்க டீச்சர், ஏற்காடே வெயிலுன்னா இனி ஊட்டிக்குத்தான் போகோணும்" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

டைம்டேபிள் போடுவது என் வேலை. மார்ச், ஏப்ரலில் மட்டும் மத்தியானம் மாடி வகுப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தீர்கள். மாடி அறைக்குத் தகரக் கூரை. ஆறாம் பிரியட்டை அங்கேயே உங்களுக்குப் போட்டேன். தலைமையாசிரியர் கேட்டபோது மறந்துவிட்டதாகச் சொன்னேன். மறக்கவில்லை. எழுதும்போது உங்கள் கடிதம் என் மேசைமேல்தான் இருந்தது.

நீங்கள் ஐஸ் பாட்டிலும் ஈரத் துண்டுமாக மாடி ஏறினீர்கள்.

ஏப்ரலில் ஒருநாள், வகுப்பு முடிந்து இறங்கும் வழியில் படியில் உட்கார்ந்துவிட்டீர்கள். தற்செயலாக ஏறி வந்த நான் எதிரே நின்றேன். கண் திறந்திருந்தும் என்னைத் தெரியவில்லை.

"யாருங்க? இந்தத் துண்டைக் கொஞ்சம் நனைச்சுக் குடுங்க."

குழாயில் நனைத்துக் கழுத்தில் போட்டேன்.

"டைம்டேபிள் சார்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க. நடிக்கறேன்னு சொல்லுவாரு."

நான் உங்களுக்கு வருகைப் பதிவேட்டால் விசிறிக்கொண்டு நின்றேன். உங்கள் வகுப்புப் பெண்கள் இருவர் வந்ததும் அவர்களிடம் சைகை காட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டேன். அரை மணி கழித்து நீங்களே நடந்து பஸ் ஏறியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

மறுநாள் டைம்டேபிளை மாற்றினேன். "நீங்களாப் பாத்து மாத்திட்டீங்களே சார், நொம்ப நன்றிங்க" என்றீர்கள். "பரவாயில்லைங்க டீச்சர்" என்று அதையும் வாங்கிக்கொண்டேன்.

அதன்பின் ஒன்றரை வருடம் எதிரெதிர் நாற்காலியில் இருந்தோம். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றே ஒவ்வொரு நாளும் நினைத்தேன். மழைக்காலத்தில் நெஞ்சுச் சளி காய்ச்சலாகி ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பவில்லை.

துக்கம் விசாரிக்க நாகலூருக்கு உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்குப் படியில துண்டு நனைச்சுக் குடுத்தது நீங்கதானுங்க சார். எறங்கிப் போனப்ப நடைச் சத்தத்துலயே அவளுக்குத் தெரிஞ்சுருச்சாம். 'சார் பயந்துட்டாரு, பாவம், நீங்க ஒண்ணும் கேட்றாதீங்க'ன்னு சொன்னா."

தெரிந்துதான் நன்றி சொல்லியிருக்கிறீர்கள். ஒன்றரை வருடம் தெரிந்தேதான் எதிரே இருந்திருக்கிறீர்கள். அன்று வந்தது நீங்கள்தானா என்று ஒருமுறை என்னிடம் கேட்டிருக்கலாமே என்று வீடு வரும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன். கேட்டிருந்தாலும் நான் இல்லையென்றுதான் சொல்லியிருப்பேன். அது உங்களுக்கும் தெரிந்திருக்கிறது, டீச்சர்.