அந்தக் காய்ச்சலைக் கொடுத்தவள்

அன்புள்ள அத்தைக்கு,

மருமகள் தோரா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நம் வெஸ்ட்ரே தீவுக்குப் படகு ஒழுங்காக வருகிறதா? நான் அபர்டீனில் நலம். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை பழகிவிட்டது.

நேற்று ஒரு வேடிக்கை. உங்கள் மகனை, என் ராபியைக் கொண்டுபோன எம்.எஸ். நரம்பு நோய் எதனால் வருகிறது என்று இரண்டு டாக்டர்கள் தேநீர் குடித்தபடி சண்டை போட்டார்கள்.

"கழுத்து வீங்குற காய்ச்சல் இருக்கே, அந்தக் கிருமிதான் ஆரம்பம்" என்றார் ஒருவர்.

"அது ஊருல முக்கால்வாசிப் பேருக்கு இருக்கேய்யா! வெயில் படாத தீவுல வளர்றதுதான் காரணம்" என்றார் மற்றவர்.

அந்தக் காய்ச்சல் எப்படி ஒட்டும் என்று கேட்டேன். "எச்சில் வழியாத்தாம்மா. வாலிபப் பசங்களுக்கு முத்தத்துல" என்று முதலாமவர் சிரித்தார்.

பதினேழு வயதில் ராபி கழுத்து வீங்கிப் படுத்திருந்தார் என்று சொல்வீர்களே, அத்தை. அப்போது அவரோடு சுற்றியவள் யார்?

கூட வேலை செய்யும் ஜெஸ்ஸி, "செத்தவருக்கு இப்பப் போய்ச் சக்களத்தி தேடுறியாடி?" என்கிறாள். தேடுகிறேன்தான். அவள் மேல் பழி போடவில்லை. ஆனால் அவள் கொடுத்தது கடைசிவரை அவர் உடம்பில் இருந்திருக்கிறது. நான் கொடுத்த எதுவும் தங்கவில்லை, ஒரு பிள்ளைகூட.

அவருடைய நீலக் கம்பளிச் சட்டையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

வேலைக்கு மணியாகிவிட்டது. அவள் பெயரை எழுத வேண்டாம், அத்தை. வெயில் டாக்டரே ஜெயிக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். வெயில் மேல் எனக்குப் பொறாமை வராது.

உங்கள் தோரா